சங்கு ஊதாத பெட்டி

பழைய இரும்புக் கிடங்கில் ஓர் எந்திரம் இருந்தது. கம்பெனிக்காரன் அதற்கு வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. அமுக்கி என்று கூப்பிட்டார்கள். முழுக் காரை அதன் வாயில் இறக்கினால் சப்பி, மென்று, தகரப் பெட்டி அளவுக்குக் கட்டியாக்கித் துப்பும். சுற்றிலும் இரும்புச் சுவர், மேலே திறந்த வாய். பச்சைப் பொத்தானை அமுக்கினால் சுவர்கள் ஒன்றையொன்று கட்டிப்பிடிக்கக் கிளம்பும். நடுவில் கார் இருக்கிறதா காரோட்டி இருக்கிறானா என்று அவை பார்ப்பதில்லை. அந்த வகையில் அரசாங்கம் மாதிரி.

அதை ஓட்டுகிறவரை அமுக்கிக்காரர் என்றார்கள். மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து வாயின் அடி தெரியாது. அடியில் இறங்குவது அவருடைய மச்சினன், வீட்டுக்காரியின் தம்பி. காரின் வயிற்றிலிருந்து பெட்ரோல் டாங்கியையும் கேஸ் சிலிண்டரையும் பிடுங்கி வெளியே எறிவது அவன் வேலை. பிடுங்காமல் அமுக்கினால் கிடங்கே மேலே போய்விடும். பிடுங்கி முடித்தவன் எப்போது ஏறி வெளியே வருவான் என்றால், சங்கு ஊதும்போது.

சங்கை ஊதுவது ஒரு கம்ப்யூட்டர். கண்ணாடி அறையில் மேசை மேல் இருந்தது. பச்சையை அமுக்கியதும் அது கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயில் சங்கு ஊதத் தொடங்கும், கொஞ்சம் ஊதியதும் சுவர்களை அவிழ்த்துவிடும், கட்டி வெளியே வரும் வரை ஊதிக்கொண்டே இருக்கும். அந்தப் பெட்டி முதலாளியுடையது இல்லை, முன்னெச்சரிக்கை ஒலி வாரியத்தினுடையது. அதைக் கொண்டுவந்து வைத்த அன்று வாரியத் தலைவர் மாலையும் கழுத்துமாகப் பேசினார்.

"இதில் ஓடுவது லினக்ஸ். திறந்த மென்பொருள். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். அந்த ஆபத்தை உணர்ந்துதான் பூட்டி சீல் வைத்திருக்கிறோம்."

எல்லோரும் கை தட்டினார்கள். அமுக்கிக்காரரும் தட்டினார். நாலு பேர் தட்டும்போது சும்மா இருக்கிற கையைத்தான் இந்தக் காலத்தில் முதலில் பிடிக்கிறார்கள்.

ஒரு நாள் காலையில் திரையில், 'புதுப்பித்தல் நடைபெறுகிறது, மகிழ்ச்சியோடு காத்திருக்கவும்' என்று வந்தது. மகிழ்ச்சியோடு காத்திருந்தார். முடிந்தது. கீழே ஒரு பழைய வேனை இறக்கியிருந்தார்கள். பச்சையை அமுக்கினார். திரையில் சங்குக்கான கோடு ஓடியது. சங்கு ஊதவில்லை. பக்கத்தில் கிரேன் போட்ட இரைச்சலில் அவருக்கு அது உறைக்கவும் இல்லை. சுவர்கள் கிளம்பின.

மச்சினன் எப்படித்தான் தாவினானோ. சட்டை மாட்டிக்கொண்டது, அதைக் கழற்றிவிட்டு வெற்றுடம்போடு விளிம்பில் வந்து விழுந்தான். முதுகில் ஒரு சாண் தோலைக் காணோம். கட்டி வெளியே வந்தபோது அதிலிருந்து சட்டையின் ஒரு கை மட்டும் நீட்டிக்கொண்டு டாட்டா காட்டியது.

மச்சினன் படியேறி வந்து கதவை உதைத்தான்.

"மாமா, வீட்ல சண்டைன்னா அக்காகிட்ட வெச்சுக்கங்க. என்னை ஏன் கட்டியாக்கப் பாக்குறீங்க?"

"சங்கு ஊதலைடா மாப்ள."

"ஊதலைன்னா அமுக்குவீங்களா?"

"அமுக்குனப்புறம்தானேடா ஊதும்!"

சாயங்காலம் வீட்டில் தம்பியின் முதுகுக்கு மருந்து போட்டபடி வீட்டுக்காரி சொன்னாள்: "இவன் நாளைக்கு முழுசா வரணும். பாதியா வந்தான்னா நீங்களும் பாதியாத்தான் உள்ள வருவீங்க. எந்தப் பாதின்னு நான் சொல்றேன்."

மறுநாள் அமுக்கிக்காரர் குழாயின் வயரைப் பிடுங்கித் தன் செல்போனில் செருகிப் பார்த்தார். பாட்டு கிடங்கு அதிரக் கேட்டது. ஆக, குழாய் நன்றாகத்தான் இருக்கிறது. நோய் பெட்டிக்குள். அப்படியே செல்போனில் ஒரு சங்கை வைத்து ஓட்டிவிடலாமே என்று முதலாளியிடம் கேட்டார்.

"கள்ள ஒலின்னு உள்ள தூக்கி வைப்பான். வாரியத்துச் சங்கு மட்டும்தான் ஊதணும்."

"அப்ப சரியாகுற வரைக்கும் எந்திரத்தை நிறுத்தி வைக்கலாம் முதலாளி."

"நிறுத்துனா லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போச்சுன்னா உன்னையும் உன் மச்சினனையும் நானே தூக்கி வாய்க்குள்ள போடுவேன். போய் வாரியத்துக்குப் போன் பண்ணு."

போன் செய்தார். "முன்னெச்சரிக்கை ஒலி வாரியம், உங்கள் உயிர் எங்கள் ஒலி, சொல்லுங்க" என்றாள் ஒரு பெண் ஒரே மூச்சில்.

"அம்மா, பெட்டியில சத்தம் வரலம்மா."

"சத்தம்னா அது சத்தக் கட்டுப்பாட்டுத் துறை. சத்தம் வரலைன்னு சொன்னா அவங்க உங்களைக் கூப்பிட்டுச் சால்வை போத்துவாங்க. இங்க ஒலின்னுதான் சொல்லணும்."

"சரிம்மா. ஒலி வரல."

"ஒளி வரலையா?"

"ஆமாம்மா, ஒலி."

"ஆள் அனுப்புறோம்."

நாக்கை எங்கே தட்ட வேண்டும், எங்கே மடக்க வேண்டும் என்று அமுக்கிக்காரருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவர் படித்ததே கொஞ்சம். அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தவர் மணியடித்ததும் வீட்டுக்கு ஓடிவிட்டிருக்க வேண்டும்.

ஆள் வந்தது. ஏணி, கடப்பாரை, வயர்ச் சுருள். வந்தவர்கள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கண்ணாடி அறையின் சுவரை இடித்து ஓட்டை போட்டு நாலு பெரிய விளக்குகளைப் பொருத்தி, அமுக்கிக்காரரின் முகத்துக்கு நேரே திருப்பிப் போட்டார்கள்.

"ஒளி வந்துருச்சா?" என்றார் மேஸ்திரி.

"ஐயா, நான் கேட்டது ஒலி."

"அதான் குடுத்தாச்சே. கண்ணைத் தொறக்க முடியுதா உங்களால?"

"முடியலைங்க."

"அப்புறம் என்னய்யா, போதலையா?" என்று ஐந்தாவதை மாட்டினார். அது சூடேறி வெடித்தது. ஒரு சில்லு அமுக்கிக்காரரின் புருவத்தைக் கிழித்துக்கொண்டு போனது. மேஸ்திரி அந்த ரத்தத்தைக் குனிந்து பார்த்தார். "எவ்வளவு தெளிவாத் தெரியுது பாருங்க!" என்றார்.

கண் போனாலும் வேலை நிற்காதே. அமுக்கிக்காரர் ஒரு யோசனை செய்தார். மச்சினன் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையை அறைக்குள் கொண்டுவந்தார். பச்சையை அமுக்கும் முன் ஒரு இழுப்பு. இழுத்தால் ஏறிவிட வேண்டும். நன்றாகவே வேலை செய்தது. மாட்டைக் கட்டுவது போலக் கட்டுகிறீர்களே என்று மச்சினன் முனகினான், ஆனாலும் காலையில் வந்ததும் தானே இடுப்பைக் காட்டினான். கயிறு அறுந்தால் என்ன ஆவது என்று அமுக்கிக்காரர் மறுபடியும் போன் செய்தார்.

"அம்மா, வெளக்கு இல்லம்மா. ஒலி. பெட்டிக்குள்ளதான் எங்கயோ இருக்கு. வெளிய வர மாட்டேங்குது."

"உள்ள ஒளிஞ்சிருக்கா? வெளிய வர மாட்டேங்குதா?"

"அதேதாம்மா! இப்பதான் சரியாப் புரிஞ்சுக்கிட்டீங்க."

"ஜாக்கிரதையா இருங்க. படை அனுப்புறோம்."

ஒளிந்திருப்போர் பிடிப்புப் படை கேட்டை இடித்துக்கொண்டு வந்தது. தடி, கேடயம், தலைக்கவசம். எதிரே வந்தவனை எல்லாம் வந்த வேகத்திலேயே அடித்தார்கள். கிரேன் ஓட்டுகிறவன் இறங்கி ஓடினான், ஓடியதற்காகத் தனியாக அடித்தார்கள். அமுக்கிக்காரருக்கு விலாவில் விழுந்தது.

"ஐயா, எதுக்கு அடிக்கிறீங்கன்னு சொல்லிட்டு அடிங்கய்யா."

படைத் தலைவர் நிதானமான மனிதர். தடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு விளக்கினார். "கேட்டுட்டு அடிச்சா நீ யோசிச்சுப் பதில் சொல்லுவே, பொய் வரும். அடிச்சிட்டுக் கேட்டா நாங்க என்ன நினைக்கிறோமோ அதே பதிலாக் கிடைக்கும். குழப்பமே இருக்காது. உள்ள ஒளிஞ்சிருக்கிறவன் யாரு?"

அப்போது மச்சினன் அமுக்கியின் வாய்க்குள் ஒரு சிலிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். தலையை நீட்டி, "என்ன மாமா கூச்சல்?" என்றான். புகாரில் கண்டபடியே உள்ளே ஒருவன் இருந்தது கண்டு படைத் தலைவருக்கு வாரியத்தின் மேல் மதிப்பு கூடியது. மச்சினனைத் தூக்கி வெளியே போட்டு மிதித்தார்கள். இரண்டு பல் விழுந்தது, நாக்கு கடிபட்டு வீங்கியது. இடுப்புக் கயிற்றை அறுத்து, 'ஒளிந்திருக்கப் பயன்பட்ட கருவி' என்று பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். கிடங்கில் இருந்த மற்றக் கயிறுகளையும் எடுத்துக்கொண்டார்கள், இனம் இனத்தோடு சேர்வதற்காக.

அன்றைக்கு மச்சினனே போனைப் பிடுங்கினான். "நான் பேசுறேன், விடுங்க!" ஆனால் பல்லும் போய் நாக்கும் வீங்கிய வாயில் எந்த எழுத்து உருப்படியாக வரும்? மூன்றாம் முறை அவன் கத்தியபோது அந்தப் பெண் கேட்டாள்:

"ஒழிக்கணுமா? யாரைங்க?"

அமுக்கிக்காரர் போனை வாங்கினார். "உங்க வாரியத்தைத்தாம்மா!"

"அது எங்க அதிகாரத்துக்குள்ள வராதுங்க. வேற ஏதாவது இருந்தா வந்து பாத்து ஒழிப்பாங்க."

ஒழிப்புப் பிரிவு பெரிய சுத்தியல்களோடு வந்தது. ஒழிக்க எதுவும் இல்லை என்று அமுக்கிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "வண்டி கிளம்பி வந்தாச்சுங்க. எதையாவது ஒழிக்காம திரும்பினா டீசல் கணக்கு இடிக்கும்" என்றார்கள். இடத்தைச் சுற்றிப் பார்த்துக் கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார்கள். உள்ளே முதலாளி இருந்தார். தட்டிப் பார்க்கும் வழக்கம் அந்தப் பிரிவில் கிடையாது. முதல் அடியில் கூரை இறங்கியது. தலை பிளந்து, ஒரு கையில் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, செங்கல் தூளும் ரத்தமுமாக முதலாளி வெளியே வந்தார்.

மச்சினன் முதுகில் தோல் போனது, அமுக்கிக்காரர் புருவம் கிழிந்தது, பல் விழுந்தது, இவை எல்லாம் நடந்தபோது வாரியத் தலைவரின் சொந்த நம்பர் தன்னிடம் இருப்பது முதலாளிக்கு ஞாபகம் வரவில்லை. தன் மண்டை உடைந்ததும் வந்தது.

மறுநாளே ஒலிப் பரிசோதகர் வந்துவிட்டார். இஸ்திரி மடிப்பு கலையாத ஆள், தங்கக் கம்பிக் கண்ணாடி. கையில் ஒரு கருவிப் பெட்டி. திறந்தால் உள்ளே ஒரு சீப்பும் ஒரு துண்டும் இருந்தன. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எதையோ தட்டினார். கறுப்புத் திரை வந்தது. வரிசையாகக் கம்பங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் நூறு.

"பாருங்க. நூறு. இதுக்கு மேல ஒலி கிடையாது. எங்க தலைவரே நேர்ல வந்தாலும் இதுக்கு மேல வைக்க முடியாது."

"கேக்கலையேங்க."

"கேக்குறது உங்க பொறுப்பு. ஊதுறதோட எங்க பொறுப்பு முடியுது."

அமுக்கிக்காரர் வெளிச்சத்தில் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் ஒரு சின்னக் கட்டம், அதில் இரண்டு இங்கிலீஷ் எழுத்து. "அது என்னங்க, எம் எம்னு?"

பரிசோதகரின் முகம் மலர்ந்தது. இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று நெடுநாளாகக் காத்திருந்தவர் போலத் தெரிந்தார். "மிக மேன்மைன்னு அர்த்தம். முன்னாடி இந்த எடத்துல பூஜ்ஜியம் பூஜ்ஜியம்னு இருந்துச்சு. எல்லா ஊர்ப் பெட்டியிலயும் அப்படித்தான். வாரியத்துல ஒருத்தருக்கும் அது கண்ணுல படல. நான்தான் கண்டுபிடிச்சேன். மேல நூறு, கீழ ரெண்டு பூஜ்ஜியம், இது என்ன அசிங்கம்னு கேட்டேன். போன புதுப்பித்தல்ல எல்லாத்தையும் ஒரே உத்தரவுல எம் எம் ஆக்கிட்டோம்."

"அந்தப் புதுப்பித்தலுக்கு அப்புறம்தாங்க சங்கே ஊதல."

"மேன்மை வந்தா கொஞ்சம் அமைதி வரத்தான் செய்யும். கிட்ட வாங்க, உங்க காதைப் பாக்கணும்."

கிட்டே போனார். பரிசோதகர் காதோடு சேர்த்து ஓங்கி ஓர் அறை விட்டார்.

"கேட்டுதா?"

"கேட்டுதுங்க."

"அப்ப காது நல்லாத்தான் இருக்கு. கவனம்தான் இல்ல." துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். "சரி, எந்திரத்தை ஓட்டிப் பாத்துடுவோம்."

"இருங்க சார், கீழ என் மச்சினன் இருக்கான். சிலிண்டர் கழட்டிக்கிட்டு இருக்கான்."

"நல்லதாப் போச்சு. ஆள் இல்லாத எடத்துல முன்னெச்சரிக்கை எதுக்கு?"

"சங்கு ஊதாதுங்க!"

"நூறுல இருக்கு" என்று சொல்லிக்கொண்டே பரிசோதகர் பச்சையை அமுக்கினார்.

திரையில் கோடு ஓடியது. கம்பத்துக் குழாய் ஊமையாக நின்றது. கொஞ்சம் ஓடியதும் கீழே சுவர்கள் உறுமிக்கொண்டு புறப்பட்டன. அமுக்கிக்காரர் கத்தினார், தொண்டை கிழியக் கத்தினார். இரும்புச் சத்தத்தில் அவர் கத்தியது அவருக்கே கேட்கவில்லை. இழுக்கக் கயிறு இல்லை. எந்திரத்தை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை நோக்கிப் பாய்ந்தார். பரிசோதகர் எழுந்து குறுக்கே நின்றார்.

"தொடாதே! சோதனை நடக்குது!"

அதற்கப்புறம் நடந்ததை அமுக்கிக்காரர் யோசித்துச் செய்யவில்லை. வலது கை தானாகப் போய்ப் பரிசோதகரின் பிடரியைக் கவ்வியது. இழுத்துக் கொண்டுவந்து அந்தத் தங்கக் கம்பி முகத்தைத் தட்டச்சுப் பலகை மேல் அறைந்தது. கண்ணாடி நொறுங்கியது. மறுபடியும் அறைந்தார். மூக்கு எலும்பு ஒடிகிற சத்தம் தெளிவாகக் கேட்டது, அந்த அறையில் அன்றைக்குப் பெட்டி தொடர்பாகக் கேட்ட முதல் ஒலி அதுதான். மூன்றாம் முறை அறைந்தபோது, ஒடிந்த மூக்கு எந்த எழுத்தின் மேல் விழுந்ததோ, கறுப்புத் திரையில் எம் எம் என்று இருந்தது சட்டென்று பூஜ்ஜியம் பூஜ்ஜியம் ஆனது.

சங்கு பிடித்துக்கொண்டது. நூறில் இருந்ததல்லவா, அறைக் கண்ணாடிகள் விரிசல் விட்டன. அமுக்கிக்காரர் பரிசோதகரை உதறிவிட்டுச் சிவப்பில் கையால் குத்தினார். சுவர்கள் முக்கி முனகி நின்றன.

மச்சினன் விளிம்புக்கு மேல் பாதி உடம்போடு தொங்கினான். இடது கால் மட்டும் சுவர்களுக்கு நடுவில் இருந்தது. பூட்சை அறுத்துக் காலை உருவினார்கள். விரல்கள் பூட்சோடு தங்கிவிட்டன. அவன் போட்ட அலறலைச் சங்கு முழுங்கியது.

மேலே பரிசோதகர் வாயிலும் மூக்கிலும் ரத்தம் ஒழுக எழுந்து உட்கார்ந்தார். காதைத் தீட்டிக் கேட்டார்.

"கேக்குதில்ல?" என்றார். "நான்தான் சொன்னேனே."

போலீஸ் வரும் என்று அமுக்கிக்காரர் வீட்டில் துணிமணியைப் பையில் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரவில்லை. வாரியத்தில் கூட்டம் போட்டுப் பேசினார்களாம். பரிசோதகர் அடி வாங்கினார் என்று எழுதினால் வாரியத்தையே ஒருவன் அடிக்கலாம் என்று ஆகிவிடும். பழுது பார்த்தார் என்று எழுதினால் பதவி உயர்வு கொடுக்கலாம். தலைவர் இரண்டாவதில் கையெழுத்துப் போட்டார். மச்சினனின் விரல்களைப் பற்றியும் ஒரு வரி எழுதினார்கள், 'ஒலி கேட்டும் தாமதமாக வெளியேறியவர்' என்று.

மச்சினன் கட்டையை ஊன்றிக்கொண்டு கண்ணாடி அறையில் மாமாவுக்குப் பக்கத்தில் உட்காரத் தொடங்கினான். வேறு வேலை அவனுக்கு இனி இல்லை. கீழே இறங்க ஒரு புது ஆளைப் போட்டார்கள்.

பிறகு ஒரு காலையில் திரை மறுபடியும் மகிழ்ச்சியோடு காத்திருக்கச் சொன்னது. முடிந்ததும் சங்கு போய்விட்டது. இந்த முறை போன் செய்ய வேண்டியிருக்கவில்லை. பரிசோதகரே வந்து இறங்கினார். இப்போது அவர் தலைமைப் பரிசோதகர். மூக்கு ஒரு பக்கமாகப் படுத்திருந்தது. கண்ணாடியைக் கழற்றி மச்சினன் கையில் கொடுத்தார், துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டார், தட்டச்சுப் பலகை முன் குனிந்தார்.

"ம். ஆரம்பிங்க."

"என்னத்தைங்க?" என்றார் அமுக்கிக்காரர்.

"விதிமுறை வந்துருச்சு. பரிசோதகரோட பிடரியைப் பணியாளர் பிடிக்கணும், முகத்தைப் பலகை மேல மூணு தடவை அழுத்தமா வைக்கணும்."

அமுக்கிக்காரர் கையைப் பார்த்தார், அந்தப் பிடரியைப் பார்த்தார். நன்றாக முடி வெட்டி, பவுடர் போட்ட பிடரி. "அன்னைக்கு ஏதோ ஆத்திரம் சார். இன்னைக்கு அப்படி ஒண்ணும் வரலையே. குனிஞ்சு நிக்கிற மனுசனை எப்படிச் சார் சும்மா அடிக்கிறது?"

மச்சினன் இடையில் புகுந்தான். "மாமா, மூக்கு பட்ட எடத்தை நாம விரலாலயே அமுக்கிப் பாத்தா என்ன?"

"யாரும் தொடக்கூடாது" என்றார் பரிசோதகர், குனிந்தபடியே. "உங்க விரல் தனியார் உறுப்பு. என் மூக்கு வாரியத்தோடது. நேரம் ஆகுது, சீக்கிரம். உங்களுக்கு ஆத்திரம் வரணும்னா அதுக்கும் விதியில வழி வெச்சிருக்கோம்." கையை நீட்டித் தடவிப் பச்சைப் பொத்தானைத் தேடினார். "கீழ ஆள் இருக்கானில்ல?"

அமுக்கிக்காரர் திரும்பி மச்சினனின் காலைப் பார்த்தார். துணி சுற்றி, முன்பக்கம் மொண்ணையாக இருந்தது.

பிடரியைப் பிடித்தார்.

ஒன்றாவதில் உதடு கிழிந்தது, தடவிக்கொண்டிருந்த கை பச்சையில் விழுந்தது. இரண்டாவதில் போன முறை ஒட்டவைத்த எலும்பு விட்டுக்கொண்டது. மூன்றாவதில் சங்கு கிடங்கே நடுங்க ஊதியது. கீழே இறங்கியிருந்த புது ஆள் குதித்து ஏறி, பத்திரமாகத் தள்ளிப் போய் நின்றான். நான்காவது விழுந்தது. ஐந்தாவதும் விழுந்தது.

"மாமா!" மச்சினன் சங்குக்கு மேலாகக் கத்தினான். "விடுங்க மாமா! ஊதிருச்சு!"

"அப்படியா மாப்ள?" என்றார் அமுக்கிக்காரர், பிடியை நன்றாக இறுக்கிக்கொண்டு. "எனக்கு ஒண்ணும் கேக்கலையே."